பழகாத கரணை

வேலையிடத்தில் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கண்ணாடி போடுவதில்லை. அவள் பூசி முடித்த சுவரில் முகம் பார்க்கலாம் என்பதால் வந்த பெயர்.

அவள் கொழுந்தனும் அதே மேஸ்திரியிடம் முதல் பூச்சு பூசுகிறவன். ஒரு சாயங்காலம் கேட்காமல் அவள் சுவர் பூசும் கரணையை எடுத்து, தரையில் இறுகிய கலவையைப் பெயர்த்திருக்கிறான். விளிம்பு நெளிந்துவிட்டது. மறுநாள் இருந்த அவசரத்தில் அவள் அதைத் தடவிப் பார்க்காமலேயே ஒரு சுவரை முடித்துவிட்டாள். இன்ஜினியர் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தபோது சுவர் முழுக்கக் கோடு கோடாகத் தெரிந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் முந்திக்கொண்டான்.

"அண்ணிக்குக் கொஞ்ச நாளா கை நடுங்குது சார். பாவம், சொல்ல வேணாம்னு இருந்தேன்."

சுவரை வழவழப்பாக்கும் கடைசி மெருகு வேலை அவனுக்குப் போனது. அவள் தலையில் கலவைச் சட்டி ஏறியது. கரணையைக் கெடுத்தது யார் என்று கலவை மெஷின் ஓட்டுகிறவர் அவளிடம் சொன்னதே இரண்டு நாள் கழித்துத்தான்.

"நீரடிச்சு நீர் விலகுமா? விடு" என்றான் கணவன்.

அவள் விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனாள். கடைக்காரர் எடுத்துப்போட்ட பன்னிரண்டு கரணைகளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் விளிம்பைப் பார்த்தாள். தகட்டை லேசாக வளைத்து, அது திரும்பி நிமிர்கிறதா என்று பார்த்தாள். பிடியை இறுக்கிப் பிடித்து, விரல் முட்டி தகட்டில் இடிக்கிறதா என்றும் பார்த்தாள்.

"பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்வளவு பாக்க மாட்டாங்கம்மா" என்றார் கடைக்காரர்.

"அவங்களுக்கு அவசரம். எனக்கு இல்ல."

ஒரே மாதிரி இரண்டு வாங்கினாள். ஒன்றின் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினாள். வீட்டின் பின்சுவரில் மூன்று வாரம் கலவை பூசிப் பூசி அந்த விளிம்பைப் பழக்கினாள். ஒவ்வொரு தடவையும் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி வைத்தாள். தகடு மங்கிப்போனது, ஆனால் விரல் வைத்தால் வழுக்கியது. மற்றொன்றை அவள் காகிதத்திலிருந்து பிரிக்கவேயில்லை.

கொழுந்தன் கரணையைக் கழுவுகிற ஆள் இல்லை. அவன் தகட்டில் சிமெண்டு பொருக்குத் தட்டியிருந்தது. சின்ன அறைகளை இரண்டு மூன்று மாதம் எப்படியோ ஒப்பேற்றினான். முன் ஹாலின் பெரிய சுவர் வந்ததும் வீடு தேடி வந்தான்.

"அண்ணி, நல்ல கரணை இருந்தா குடுங்க."

அவள் இரண்டையும் எடுத்து முன்னால் வைத்தாள்.

"பழகினது ஒண்ணு, புதுசு ஒண்ணு. எது வேணும் தம்பி?"

பளபளப்பைப் பார்த்ததும் அவன் கை தானாகப் புதியதற்குப் போனது. புதுத் தகட்டின் முனை கத்தி மாதிரி, கொஞ்சம் சாய்ந்தாலும் ஈரப்பூச்சைக் கீறும். அதை அவன் கேட்கவில்லை. அவள் சொல்லவுமில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அவளை ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய சுவர் பூனை பிறாண்டியது போல இருந்தது. கொழுந்தன் வியர்த்துப்போய் நின்றான்.

"அண்ணி குடுத்த கரணை சரியில்ல சார்."

"ரெண்டு வச்சேன் சார். அவரேதான் இத எடுத்தாரு" என்றாள் அவள்.

கெட்ட பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, மங்கிய கரணையால் அவளே புதிதாகப் பூசினாள். மத்தியானத்துக்குள் சுவர் முடிந்தது. இன்ஜினியர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். ஒரு கோடு இல்லை.

"இனி மெருகு நீயே பாரும்மா. இவனை என்ன பண்ண?"

கொழுந்தன் அவள் முகத்தையே பார்த்தான். அந்தப் பார்வைக்காக மூன்று மாதம் காத்திருந்தவள் அவள்.

"கலவை சுமக்க ஆள் பத்தல சார்."

நாலு நாள் அவன் அவளுக்குக் கலவை சுமந்தான். ஒவ்வொரு சட்டியையும், "தண்ணி ஜாஸ்தி, திருப்பிக் கொண்டு போ" என்று ஒருமுறையாவது அனுப்பினாள். ஐந்தாம் நாள் அவன் வேறு மேஸ்திரியிடம் போய்விட்டான்.

"என் தம்பிய விரட்டிட்ட. மனசு குளிர்ந்துச்சா?" என்று கணவன் கேட்டான்.

"குளிர்ந்துச்சு. சாப்பாடு போடவா?"

அவன் தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தான். அவள் இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டாள்.