பதினாலாவது ஆள்

இந்தோனேசியாவின் ஜுவானா துறைமுகத்தில் கணவாய் மீன் பிடிக்கும் படகுகள் ஓட்டிய அந்த நிறுவனத்துக்கு நவாங்சி வந்தபோது அவளுக்கு இருபத்தொரு வயது. செமாராங்கில் வணிகத் தகவல் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆண்டு. ஒரு நிறுவனத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து, வீணான படிகளை நீக்கி, மீதியைக் கணினியில் ஏற்றிக் காட்டினால்தான் பட்டம்.

அந்தப் படிப்பு அவளுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. குழப்பமான ஓர் அலுவலகத்தை நாலு கட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைந்துவிட்டால் மனசைத் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். முடிவெடுக்க உதவுவதுதான் தகவல், மற்றதெல்லாம் சத்தம் என்று அவளுடைய பேராசிரியர் பாக் ஹெண்டார்தோ வகுப்பில் சொன்னதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்.

நிறுவனத்தில் அவள் கண்ணில் முதலில் பட்டது ரேடியோ அறை. பத்தொன்பது வருடமாக அங்கே உட்கார்ந்திருந்தவர் வார்சினி. எல்லோருக்கும் அவர் இபு, அம்மா. காலை எட்டு மணிக்குக் கடலில் இருக்கும் பதினொரு படகுகளையும் வரிசையாகக் கூப்பிடுவார். எங்கே இருக்கிறீர்கள், எவ்வளவு பிடித்தீர்கள், ஐஸ் எவ்வளவு, டீசல் எவ்வளவு, ஆட்கள் எத்தனை. ஒரு படகுக்கு இதெல்லாம் நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் பேச்சு. அந்த நேரத்துக்குப் படகுக்காரர்களின் மனைவிமார் ஜன்னலோரம் வந்து நிற்பார்கள்.

நவாங்சி போன முதல் நாளே சுலாசி என்பவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் புருஷன் பெயர் டர்கும்; ஒரு படகில் சமையல்காரன். கடலுக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

"ஏய்யா, குளிச்சியா இல்லியா? அங்கேருந்து நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது!"

"கணவாய்க்கு இந்த வாசனைதான் பிடிச்சிருக்கு. தானா வந்து படகுல ஏறுது!" என்றது இரைச்சலுக்குள் ஒரு குரல்.

ஜன்னலே சிரித்தது. நவாங்சியும் சிரித்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள்: ஒரு படகுக்குப் பதினாலு நிமிடம், அதில் பத்து வீண்.

"இதுல வேலை எது, பேச்சு எது, இபு?"

"ரெண்டும் கலந்துதாம்மா கிடக்கும். பிரின்னு சொன்னா எனக்கே தெரியாது."

நவாங்சி பிரித்தாள். ஒவ்வொரு கேப்டனுக்கும் ஒரு கைக்கணினி. காலையில் அவர் ஐந்து எண்களைத் தட்டி அனுப்பினால் அவை செயற்கைக்கோள் வழியாக அலுவலகத்துக்கு வந்துவிடும். சுவரில் பெரிய திரை, அதில் ஒவ்வொரு படகும் ஒரு பச்சைப் புள்ளி. முதலில் 'வேறு குறிப்பு' என்று ஒரு கட்டமும் வைத்திருந்தாள். கேப்டன்கள் அதில் பல்வலி, மழை, மகனுக்குப் பெயர் என்று கண்டதையும் எழுதினார்கள். படிக்க ஆளில்லை. அடுத்த முறை திருத்தியபோது அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டாள். பேராசிரியர் பாராட்டினார். முதலாளியும் பாராட்டினார்.

ரேடியோ அறையைப் பூட்டினார்கள். இபு வார்சினியை ஐஸ் கிடங்கின் வாசலில் லாரிகளைக் குறிக்க உட்கார வைத்தார்கள்.

"இனிமே லாரிகூடத்தான் பேசணும். எதிர்த்துப் பேசாது, நிம்மதி" என்று அவர் சிரித்தார். நவாங்சியும் அதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டாள்.

ஆறு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அவள் அறிக்கைக்கான வரைபடங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தாள். டர்கும் இடையில் கரைக்கு வந்து மறுபடி கடலுக்குப் போயிருந்தான். ஒரு திங்கட்கிழமை காலை அவன் படகிலிருந்து வந்த எண்களில் ஆட்கள் பதின்மூன்று என்று இருந்தது. புறப்படும்போது பதினாலு. நடுக்கடலில் ஆள் எப்படிக் குறையும்? தட்டும்போது விரல் தவறியிருக்கிறது. பிழையான தரவைச் சுத்தம் செய்வது என்று ஒரு முழுப் பாடமே படித்திருந்தாள். பதின்மூன்றை அழித்துப் பதினாலு என்று போட்டாள்.

செவ்வாய்க்கிழமையும் பதின்மூன்று வந்தது. அவளுக்குச் சலிப்பாக இருந்தது. படகு கடலில் இருக்கும்வரை ஆள் கணக்கு மாறக்கூடாது என்று நிரலில் ஒரு வரி சேர்த்துவிட்டாள். அதற்குப் பிறகு எண் தானாகவே பதினாலு ஆகிவிட்டது.

அன்று மதியம் சுலாசி அலுவலகத்துக்கு வந்தாள். ரேடியோ போன பிறகு பெண்கள் திரையைப் பார்க்க வருவது வழக்கமாகியிருந்தது.

"எங்க ஆளு புள்ளி எங்க இருக்கு, தங்கச்சி?"

நவாங்சி காட்டினாள். புள்ளி மேற்கே திரும்பியிருந்தது. "பாருங்கக்கா, படகு வீட்டுக்குத் திரும்பிடுச்சு! பதினாலு பேரும் நல்லா இருக்காங்க."

"ரெண்டு மாசம் முன்னாடியேவா?" சுலாசி வாயைப் பொத்திக்கொண்டாள். "சோம்பேறி, என்னைப் பாக்காம இருக்க முடியல போல. போய்க் கோழிக்குச் சொல்றேன். மீனைக் காட்டினா அந்த மனுஷன் திரும்பவும் கடலுக்கே ஓடிடும்."

படகு சனிக்கிழமை காலை வந்தது. தேங்காய்ப்பாலில் சமைத்த கோழியைத் தூக்குவாளியில் வைத்துக்கொண்டு சுலாசி கரையில் நின்றாள். படகில் யாரும் கையசைக்கவில்லை. கயிறு கட்டி முடிந்ததும் நாலு பேர் ஐஸ் அறைக்குள் இறங்கி, தார்ப்பாயில் சுற்றிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுலாசி அதைப் பார்க்காமல் அவர்களுடைய தோள்களுக்குப் பின்னால் யாரையோ தேடிக்கொண்டிருந்தாள்.

டர்குமுக்குக் காய்ச்சல். நாலு நாள் கிடந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டான்.

"சொல்லக்கூடாதா?" என்று முதலாளி கேப்டனிடம் கத்தினார்.

"எங்க சொல்றது? உங்க டப்பால எண்ணுக்குத்தான இடம் இருக்கு?" கேப்டனின் குரல் உடைந்திருந்தது. "தினம் காலையில எட்டு மணிக்கு ரேடியோல கூப்பிட்டேன். பூட்டிட்டாங்கன்னு தெரியும், தெரிஞ்சும் கூப்பிட்டேன். யாராவது எடுக்க மாட்டாங்களான்னு. அப்புறம் பதிமூணுன்னு போட்டேன். பாத்தா புரியும்னு நெனச்சேன். தினமும் போட்டேனே!"

நவாங்சி அலுவலகத்துக்குள் போனாள். யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு செய்யும் பட்டியல் ஒன்றை அவளே எழுதியிருந்தாள். திங்கட்கிழமை, எட்டு இருபது, பதின்மூன்று, பதினாலு, அவள் பெயர். அவள் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

முதலாளியிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார். "நீ பதினாலுன்னு போட்டாலும் போடாட்டியும் செத்தவன் எழுந்து வரப்போறதில்ல. இதை வெளியில சொல்லாத. அறிக்கையை முடிச்சிட்டுக் கிளம்பு."

ஏழாம் நாள் பிரார்த்தனை முடிந்த மறுநாள் அவள் சுலாசியின் வீட்டுக்குப் போனாள். பாயில் உட்கார்ந்து, தலை நிமிராமல் முழுவதையும் சொன்னாள். குறிப்புக் கட்டத்தை எடுத்ததையும் சொன்னாள்.



"அவரு வர்றாருன்னு நாலு நாள்" என்றாள் சுலாசி. "புதுத் துணி எடுத்தேன். அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிச் சிரிச்சேன். அவரு ஐஸ்ல கிடந்திருக்காரு, நான் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டு இருந்திருக்கேன்."

"என்னைத் திட்டுங்கக்கா."

"திட்டினா உனக்கு லேசாயிடும். எனக்கு?" அவள் முகத்தைத் துடைத்தாள். "உன் கம்ப்யூட்டர்ல படகு எந்த நேரம் எங்க இருந்துச்சுன்னு இருக்குமில்ல? அவரு காய்ச்சல்ல கிடந்தப்ப பக்கத்துல கரை இருந்துச்சா? அதைப் பாத்துச் சொல்லு."

நவாங்சி போய்ப் பார்த்தாள். காய்ச்சலின் இரண்டாம் நாள் காலையில் படகிலிருந்து ஒன்பது மணி நேரத் தொலைவில் ஒரு தீவு. அங்கே சிறிய மருத்துவமனையும் இருந்தது; கேப்டனுக்கு அது தெரிந்திருக்காது. ரேடியோ இருந்திருந்தால் எட்டு மணிக்குக் கேப்டன் காய்ச்சல் என்று சொல்லியிருப்பார். இபு வார்சினி தீவுக்குத் திருப்பு என்று கத்தியிருப்பார். வீண் என்று அவள் குறித்த பத்து நிமிடத்துக்குள் அது முடிந்திருக்கும்.

கரையே இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண் தூங்குவாள். வழி நெடுக அதையே யோசித்தாள். ஆனால் வாசலில் சுலாசி நின்றிருந்த விதத்தைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை.

"இருந்துச்சுக்கா. ஒரு தீவு. ஒன்பது மணி நேரம்."

சுலாசி தலையை மெல்ல ஆட்டினாள். "ஒன்பது மணி நேரம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, "சரி, நீ போ. மழை வருது" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவாங்சி மழை பிடிக்கும்வரை அந்தத் தெருவிலேயே நின்றாள். பேருந்து நிலையம் எந்தப் பக்கம் என்று எதிரே வந்த ஒருவரிடம் கேட்டாள். எட்டு மாதமாக அவளே தினமும் நடந்த வழி அது.