சர்க்கரை போடாத கப்

சின்னவள் கப்புகளில் டீ ஊற்றிக்கொண்டே வர, அம்மா பின்னாலேயே சர்க்கரை போட்டுக்கொண்டு வந்தாள். கடைசிக் கப்பை மட்டும் ஓரமாக நகர்த்தினாள்.

"இது சித்தப்பாவுக்கு. ஆளுங்க இருக்காங்க, சர்க்கரை போட்டுடாதே."

சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. கூடத்தில் சித்தப்பா வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அம்மா ஸ்பூனைப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

சித்தப்பாவுக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. மனசுதான் சரியில்லை. ஆளில்லாத பக்கம் பார்த்துப் பேசுவார்; மாத்திரை சாப்பிட்டால் நன்றாக இருப்பார். மாத்திரையைப் பார்த்து யாரோ கேட்டதற்கு அப்பா "சுகர்" என்று சொல்லிவைத்தார். பொய் அப்பாவுடையது, கசப்பு சித்தப்பாவுக்கு. வீட்டுக்கு யார் வந்தாலும் சர்க்கரை இல்லாத டீயை முகம் சுளிக்காமல் குடிப்பார். வந்தவர்கள் தெருமுனை தாண்டியதும் அடுப்படிக்கு ஓடிவருவார். "மூணு ஸ்பூன் போடும்மா. நாக்கு செத்துக் கிடக்கு!"

சின்னவளுக்கும் அந்தப் பொய் வசதியாகத்தான் இருந்தது. வகுப்பில் ஒருத்தி மனநல டாக்டரிடம் போகிறாள் என்று தெரிந்ததும், அங்கே ஷாக் கொடுப்பார்கள் என்று 'கரண்டு' எனப் பேர் வைத்தார்கள். சின்னவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தப் பேரை முதலில் சொன்னவள் அதே வகுப்பு 'ரேடியோ'. அவள் காதில் ஒன்று விழுந்தால் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். அந்த ரேடியோதான் இப்போது சீருடையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அழுதியாடி?"

"இல்ல. வர மாட்டேங்குது. ஏன்னே தெரியல."

கூடத்திலிருந்து எதிர்வீட்டு டைலரம்மாவின் குரல் வந்தது. "சுகரை வச்சுக்கிட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு இனிப்பு தின்னிருப்பாரு. நாக்கை அடக்கத் தெரியாத மனுஷன், பாவம்."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. கோபமா, வெட்கமா, யார்மேல் என்று ஒன்றும் விளங்கவில்லை.

"அவருக்குச் சுகரே இல்ல," என்று கத்தினாள். கூடத்தில் தலைகள் திரும்பின. அப்பா நிமிர்ந்து, வாயை மூடு என்பதுபோல் பார்த்தார்.

"பின்ன என்னடி?" என்றாள் ரேடியோ.

"மனசு சரியில்ல. நாம பைத்தியம்னு சொல்லிச் சிரிப்போமே, அதுக்குத்தான் மாத்திரை."

ரேடியோ சிரிக்கவில்லை. அந்த முகத்தில் இருந்தது என்னவென்று சின்னவளால் படிக்க முடியவில்லை. சித்தப்பாவுக்காகப் பேசினோமா, அவர் இத்தனை வருஷம் கசக்கக் கசக்கக் குடித்துக் காப்பாற்றியதை ஒரே நிமிஷத்தில் கொட்டிக் கவிழ்த்துவிட்டோமா? அதுவும் தெரியவில்லை.

ரேடியோ குனிந்து டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனாள்.

சின்னவள் ஓரத்தில் இருந்த கப்பை இழுத்து மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டாள். எல்லாருக்கும் கேட்கும்படி கலக்கினாள். பிறகு அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.