தகவல் உதவி: சினிக்கா

காகித ஆலையின் கழிவு ஏரியில் கலக்கிறது என்று நிரூபிக்க நிருபர் சினிக்காவுக்கு ஏழு மாதம் பிடித்தது. ஆலையின் சோதனைத் தாள்களே கையில் வந்துவிட்டன. மேலாளர் கௌகோவின் பதில் ஒன்றுதான் பாக்கி. மனிதர் அவள் அழைத்தால் தொலைபேசியையே எடுப்பதில்லை.

இப்போது அதே கௌகோ, அவள் வேலை பார்க்கும் பத்திரிகையின் ஏரிக்கரை சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் ஆசிரியர் ரைமோவுக்குப் பக்கத்தில் அம்மணமாக உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். கோடை விருந்துக்கு ஊர்ப் பெரிய மனிதர்களை அழைப்பது வழக்கம். நான்கிலிருந்து ஐந்து வரை பெண்கள் முறை. அதற்குப் பிறகு ஆண்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். பெரிய மனிதர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லாததால், பெண்கள் முறையில் பேட்டி காண ஆளில்லை.

வெளியே காத்திருந்த சினிக்காவிடம் கதவைத் திறந்துகொண்டு முதலில் வந்தவன் தெய்யோ, விளையாட்டுச் செய்தி எழுதுகிறவன். இடுப்பில் துண்டு, கையில் பீர்.

"கௌகோ வாயத் தொறந்துட்டாரு! 'சின்னத் தவறு, சரி பண்ணிட்டோம்'னு சொல்லிட்டாரு."

"எத்தனை வருஷமா கொட்டுறாங்கன்னு கேட்டியா?"

"சவுனாவுல போய் அதையெல்லாமா நோண்டுவாங்க?"

பின்னால் வந்த ரைமோ அவள் தோளில் ஈரக்கையை வைத்தார். "செய்தி தெய்யோ பேர்ல போகட்டும். பேட்டி எடுத்தது அவன்தானே? சுருக்கி ஆறாம் பக்கத்துல போட்டுக்கலாம். உன் தாளையெல்லாம் அவன்கிட்ட குடுத்துடு."

"அப்போ என் ஏழு மாசம்?"

"கோவிச்சுக்காதம்மா. கீழ உன் பேரும் வரும். 'தகவல் உதவி'ன்னு."

காலைக் கூட்டத்தில் நடுநிலை பற்றிப் பாடம் எடுக்கிற வாய், கழிவைக் கொட்டியவனோடு ஒரே பலகையில் உட்கார்ந்து பேரத்தை முடித்துவிட்டு வந்திருக்கிறது. தூ!

"ஏம்மா, எங்கள ஒரு படம் எடேன்," என்றார் அவர்கள் பின்னாலேயே வெளியே வந்த கௌகோ. படம் எடுக்கவென்றால் மட்டும் பெண் வேண்டும். மூன்று பேரும் துண்டோடு படித்துறையில் வரிசையாக நின்றார்கள்.

அவள் தன் கைப்பேசியை எடுத்தாள். "இன்னும் நெருங்கி நில்லுங்க. கௌகோ, ஆசிரியர் தோள்ல கையப் போடுங்க. ஆங், சிரிங்க!"

நன்றாகவே சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தலைநகரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் செய்தியும் அந்தப் படமும் சினிக்காவின் பெயரில் வந்தன. எட்டு மணிக்கே ரைமோ கூப்பிட்டார்.

"உனக்கு இனிமே இங்க வேலை கிடையாது!"

"தெரியும். ராஜினாமாவ நேத்தே அனுப்பிட்டேன்."

"அந்தப் படத்தையாவது போடாம விட்டிருக்கக் கூடாதா? என் தொப்பை அப்படியே தெரியுது. ஊரே சிரிக்குது!"

அரை மணி நேரம் கத்தினார். ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.