பலாமரத்து ஏற்றம்

போளூர் ஆஸ்பத்திரி வாசலில் கோபால்சாமியை மெத்தையோடு தூக்கி வண்டியில் கிடத்தியதும், பாஞ்சாலை முதலில் தேடியது சக்கரத்துக்கு வைக்கும் தடைக்கட்டையைத்தான். நல்லவேளை, பின்கதவு மூலையில் கோணிக்குக் கீழே கிடந்தது. அதை இழுத்துக் காலடியில் போட்டுக்கொண்டு, பிறகுதான் புருஷனின் தலையை எடுத்து மடியில் வைத்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் தாங்குறதே பெருசும்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அப்போது மணி பதினொன்று.

"மெதுவா போவட்டுமா, வேகமா போவட்டுமாம்மா?" என்று மகன் வெற்றிச்செல்வன் முன்னாலிருந்து கேட்டான்.

"உசுரோட போ" என்றாள்.

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். வெளியில் உயிர் போனவரை அவர்கள் மலையில் ஊருக்குள் எடுத்து வரமாட்டார்கள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமே கிடத்தி, அங்கேயே அழுது, அங்கிருந்தே காட்டுக்குத் தூக்கிப் போவார்கள். எப்பேர்ப்பட்ட ஆளானாலும் அதில் மாற்றமில்லை. கோபால்சாமியின் அண்ணன் மாதையன் அப்படித்தான் போனார். வேலூரில் உயிர் போய், எல்லையில் தூறலில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தார். அவர் கட்டிய வீடு அங்கிருந்து பார்த்தால் தெரியும். அன்றைக்கு ஈரத்துணியோடு வந்து உட்கார்ந்த கோபால்சாமி சொன்னார்: "என்ன மட்டும் அந்தக் கல்லுக்கு அந்தாண்ட போட்டுடாத பாஞ்சால."

ஆம்புலன்ஸ் தார் ரோடு முடிகிற இடம்வரைதான் வரும். அதற்கப்புறம் கல்லும் மண்ணுமாக மூன்று கிலோமீட்டர். டோலி கட்டித் தூக்கினால் ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரம் அவரிடம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இந்த வண்டிதான்.

இதே வண்டியில் ஏறவேமாட்டேன் என்று எட்டு மாதமாகச் சபதம் போட்டிருந்த மனிதர் அவர்.

வண்டி பழைய குட்டி பிக்கப். பதினான்கு வருஷம் புளியையும் சாமையையும் கீழே இறக்கி, சிமெண்டையும் உப்பையும் மேலே ஏற்றியது. பெயருக்குத்தான் அதில் இஞ்சின் இருந்தது. பலாமரத்து ஏற்றம் வந்தால் மூக்கால் அழும். கோபால்சாமி இரண்டு முறை ஹாரன் அடிப்பார். மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் பாஞ்சாலை கட்டையோடு குதித்துப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுப்பாள். மற்றவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். வண்டி ஒரு முழம் ஏறும், கட்டை ஒரு முழம் நகரும். கல்யாணத்தில் கைப்பிடித்து நடந்ததைவிட அந்த ஏற்றத்தில் அவர்கள் சேர்ந்து நடந்த தூரம் அதிகம்.

போளூரில் பட்டறை வேலை கற்ற வெற்றிச்செல்வன், போன மாசியில் அப்பாவைக் கேட்காமல் அந்த இஞ்சினைத் தூக்கிவிட்டான். எங்கோ கவிழ்ந்த ஒரு வேனின் பெரிய இஞ்சினை வாங்கி, சேசிஸில் புதிதாகத் தாங்கிகள் வெல்டு செய்து, கியர் பாக்ஸையும் மாற்றி உட்கார வைத்தான். இஞ்சின் உயரம். பானெட் மூடவில்லை. பானெட்டை வட்டமாக அறுத்து, மேலே ஒரு பெரிய அலுமினியக் குண்டானைக் கவிழ்த்து ரிவெட் அடித்தான். குண்டான் பாஞ்சாலையுடையது. அதையும் கேட்கவில்லை.

கோபால்சாமி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "மாட்டுக்கு யானை நெஞ்ச வெச்சா மாடு பொழைக்குமாடா? நாலு பேரு எறங்கித் தள்ளுனா ஏறுற வண்டி. அதுக்கு இன்னா கொறச்சல்?" என்றார். அன்றிலிருந்து பஸ்தான். புருஷன் பஸ் என்றால் பாஞ்சாலையும் பஸ். குண்டான் போன கோபமும் அவளுக்கு இருந்தது.

வண்டி மலையேறியது. வளைவுக்கு வளைவு கோபால்சாமியின் மூச்சு நின்று நின்று வந்தது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பாஞ்சாலை அவர் நெஞ்சில் கை வைத்தாள். எதிரே மாமனாரின் காலைப் பிடித்துக்கொண்டு மருமகள் ரம்யா உட்கார்ந்திருந்தாள்.

தார் ரோடு முடிந்தது. பலாமரம் தெரிந்தது. குறுக்கே ஆடுகள் போல. வெற்றிச்செல்வன் இரண்டு முறை ஹாரன் அடித்தான்.

அவ்வளவுதான். பாஞ்சாலை புருஷனின் தலையைத் தலையணைக்கு மாற்றி, கட்டையை எடுத்து, பின்கதவைத் தாண்டிக் குதித்துவிட்டாள். ஐம்பத்தெட்டு வயதுக் கால் அவளைக் கேட்டுக்கொண்டு குதிக்கவில்லை. குனிந்து கட்டையை வைக்கப் போனால், அங்கே சக்கரம் இல்லை. வண்டி நிற்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது.

"அத்தே! இன்னா பண்றீங்க?" என்று ரம்யா கத்தினாள். தகரத்தைப் படபடவென்று தட்டினாள்.

நடு ஏற்றத்தில் வண்டி நின்றது.

"நிறுத்தாதடா! நின்னா ஏறாது! போ, நீ போ!" என்று கத்திக்கொண்டே பாஞ்சாலை ஓடினாள். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்துவிட்டு, அந்த மனிதர் போகிற நேரத்தில் கையில் கட்டையோடு ரோட்டில் நிற்கிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஓடிவந்தவள், பழக்கம் விடாமல், கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் திணித்தாள். திணித்துவிட்டுத்தான் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கோபால்சாமி கண் திறந்திருந்தார். இரண்டு நாளாகப் பேசாத வாய் அசைந்தது.

"கட்டைய வுட்டுட்டு ஏறு" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. சிரிப்பேதான் என்று பாஞ்சாலை பிற்பாடு எல்லாரிடமும் அடித்துச் சொன்னாள்.

ஏறினாள். வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் சரியாமல் கிளம்பியது. கட்டை ரோட்டிலேயே கிடந்து சின்னதாகிக்கொண்டே போனது.

எல்லைக்கல்லைக் கடக்கும்போது அவர் காதருகே குனிந்து, "கல்லத் தாண்டிட்டோம்யா" என்றாள். அவர் கை அவள் கையை லேசாக அழுத்தியது.

வீட்டில் நடுக்கூடத்தில் கட்டில் போட்டார்கள். சாமைக் கஞ்சித் தண்ணீர் இரண்டு கரண்டி இறங்கியது. மேலே தெரிந்த உத்தரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூன்றரை மணிக்கு, வெற்றிச்செல்வன் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்கையில், மூச்சு நின்றது. மறுபடி வரவில்லை.

பாஞ்சாலைக்கு அழுகைக்கு முன்னால் பெருமூச்சுதான் வந்தது. பாரம் இறங்கிய பெருமூச்சு. அதற்காக அவள் வெட்கப்படவில்லை. வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்: "வூடு வந்து சேந்துட்டாரு. அது போதும்."

மறுநாள் காலையில் அவரைக் காட்டுக்கு எடுத்துப் போய் அடக்கம் செய்தார்கள். திரும்பி வந்தவர்கள் குளிக்க வெந்நீர் போட வேண்டும். நாத்தனார் நீலாவதி அடுப்படியைப் புரட்டிப் போட்டாள்.

"அண்ணி, அந்தப் பெரிய குண்டான் எங்க? நேத்துல இருந்து தேடறேன்."

"வெளிய வண்டி தலமேல கீது, பாரு" என்றாள் பாஞ்சாலை.

நீலாவதி எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் ரம்யாதான் சிரித்தாள். சாவு வீடு என்று அடக்கப் பார்த்தும் அடங்கவில்லை. பாஞ்சாலையும் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய.

ஈர வேட்டியோடு வாசலில் நின்ற வெற்றிச்செல்வன், "கழட்டித் தரட்டுமாம்மா?" என்றான்.

"வாணாண்டா. அது அங்கியே கெடக்கட்டும்."

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். வண்டியைச் சரிவில்தான் நிறுத்தியிருந்தான். பாஞ்சாலை பின்பக்கம் போய்ச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். அடியில் ஒன்றும் இல்லை. வண்டி அசையாமல் நின்றது.