இரண்டாவது வெடி

தேச்சம்மா துப்பாக்கியின் மேல் சுத்தியை ஓங்கியதும் சோமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ, இரும்புச் சுத்தி வேணாம்மா. அய்யா இருந்தா கத்தியிருப்பாரு."

அய்யா உள்ளே வெள்ளை அங்கியோடு கிடந்தார். விடிவதற்குள் தேச்சம்மாவின் புருஷன் செங்கப்பாவின் உயிர் போய்விட்டது. நான்கு நாள் மழையில் ஓடைப் பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது, போனும் செத்துவிட்டது. அடுத்தடுத்து இரண்டு வெடி கேட்டால், சாவு என்று தெரிந்து எதிர்மலைக்காரர்கள் மரத்தை வெட்டிப் போட்டாவது கடந்து வருவார்கள். கேட்காவிட்டால் அவரை எடுக்க ஆளில்லை. அவருடைய அப்பா காலத்து ரைஃபிளோ, தோட்டா போட இழுக்கும் போல்ட்டை அசைக்க விடவில்லை.

தப்பு தேச்சம்மாவுடையதுதான். போன கைல்போல்து ஆயுத பூஜையில் துப்பாக்கிக்குச் சந்தனத்தை அப்பிச் செங்காந்தள் சூட்டினாள். மறுநாளே துடைத்து எண்ணெய் போடுகிறவர் அப்போதே படுத்த படுக்கை. சாமிக்கு வைத்ததை அவள் எப்படித் துடைப்பாள்? சந்தனம் இறுகி, அடியில் துருவும் ஏறிவிட்டது.

"துப்பாக்கியச் சாமியாக்கிட்டீங்க. சாமி எங்க அசையும்?" என்று மூக்கைச் சிந்தினாள் சோமி. முப்பது வருஷம் இந்தத் தோட்டத்தில் காப்பி பறித்தவள், எதையும் சொல்லுவாள்.

அவருடைய சாமான் பையிலிருந்து பித்தளைச் சுத்தியைத் தேடி எடுத்தாள் தேச்சம்மா. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தாள். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினாள். அவர் செய்வதுபோலவே போல்ட்டின் பிடியைக் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டினாள். கை ஓய்ந்துபோன நேரத்தில் கிறீச்சென்று போல்ட் பின்னுக்கு வந்தது.

குழலைத் துடைத்து, தோட்டாவைப் போட்டு, வாசலில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டாள். சத்தம் மலை மலையாக உருண்டு போனது. அடுத்ததற்காக போல்ட்டை இழுத்தாள். மறுபடியும் இறுகிக்கொண்டது.

"ஒண்ணோட நின்னுபோச்சே! ஒத்த வெடின்னா எங்கியோ ஆம்பளப் புள்ள பொறந்திருக்குன்னுல்ல நெனப்பாங்க!"

தேச்சம்மா துப்பாக்கியைத் தாழ்த்தினாள். கல்யாணமாகி வந்த நாற்பத்திரண்டு வருஷத்தில் இந்த வாசலில் ஒற்றை வெடி கேட்டதே இல்லை. அவரும் ஒருநாள்கூட அதைப் பற்றிக் கேட்டதில்லை.

"கொஞ்ச நேரம் நெனச்சுக்கட்டும், சோமி."

படியில் உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டாள். மண்ணெண்ணெய் விட்டாள். மிச்சமிருந்த சந்தனத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். எதிர்மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு பித்தளைச் சுத்தியை எடுத்தாள்.