தலைமை அறுவை மருத்துவரின் பாதங்கள்

ஊசி போட்டுக்கொள்ளவே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற மனிதருக்கு 'மேஜர்' என்று பட்டப்பெயர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தியதைத் தவிர எந்தப் போர்க்களமும் அவர் கண்டதில்லை. ஆனால் அவர் வீட்டுக் கூடத்துச் சுவர் முழுக்கப் போர்க்கால ஆஸ்பத்திரிகளின் ராணுவ டாக்டர்கள், அறுபத்திரண்டு பேர், பழைய புகைப்படங்களாகத் தொங்கினார்கள்.

"இத்தனை டாக்டருங்க வீட்டோட இருக்காங்க. என் முட்டி வலிக்கு ஒருத்தராவது வாயைத் திறக்கிறாரா?" என்பார் மனைவி.

நடுநாயகமாக இருந்தவருக்கு வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், இடது புருவத்தைப் பிளந்த தழும்பு. படத்தின் பின்னால் பெயரில்லை. அதனாலென்ன, மேஜரே 'தலைமை அறுவை மருத்துவர்' என்று பதவி உயர்வு கொடுத்துவிட்டார். தழும்பு, குண்டு உரசிப்போன தழும்பாயிற்று. இந்தப் படங்களை வைத்து அவர் நடத்தவிருந்த கண்காட்சியின் அறிவிப்போடு பத்திரிகையில் வந்ததும் அந்த முகம்தான்.

அதைப் பார்த்துவிட்டு ஒரு வயதான அம்மாள் மகளோடு வந்தார். உட்காரச் சொன்னது காதில் விழாதவர்போல் நேரே படத்தின் முன் போய் நின்றார்.

"இது எங்கப்பா, சார்."

மேஜருக்குப் புல்லரித்தது. "டாக்டரோட பொண்ணா நீங்க!"

"டாக்டரா? வார்டைக் கூட்டிக் கழுவினவரு."

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவுக்கு எழுதிய, மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு கடிதத்தை எடுத்து மகளிடம் கொடுத்தார். மகள் படித்தாள்: "டாக்டர் கோட்டை இரவல் வாங்கிப் போட்டோ பிடிச்சிருக்கேன். கதவுல முட்டிக்கிட்ட புருவத் தழும்புகூட விழுந்திருக்கு. செருப்புதான் கிடைக்கலை, வெறுங்கால். பாத்துட்டுச் சிரிக்காதே. நானே கொண்டுவரேன்."

"போட்டோவும் வரலை, அவரும் வரலை," என்றார் அம்மாள். "நான் அப்ப எங்கம்மா வயித்துல. சிரிக்கணும்னே அவ சாகறவரைக்கும் காத்திருந்தா. சட்டத்தைக் கழட்டி அந்தக் காலை மட்டும் காட்டுங்க, சார். அவளுக்காக நான் சிரிச்சுட்டுப் போறேன்."

படத்தைச் சுற்றியிருந்த மவுண்ட் அட்டை முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும் மறைத்திருந்தது. அப்படி வெட்டியவர் மேஜரேதான். படம் கைக்கு வந்த அன்றே வெறுங்காலைப் பார்த்திருந்தார். தலைமை மருத்துவருக்கு அது அழகில்லை என்று தோன்றியது.

"இப்பக் கழட்டினா படம் கெட்டுடும்மா," என்றார். "வெள்ளிக்கிழமை கண்காட்சி. முடியட்டும், நானே கொண்டுவந்து தரேன்."

பத்திரிகைக்காரன் நகலெடுக்கக் கழற்றியபோது கெடாத படம்தான் அது. அம்மாள் விலாசத்தை எழுதிவைத்துவிட்டுப் போனார்.

கண்காட்சியில் சிறப்பு விருந்தினர் அந்தப் படத்தின் முன்னால் நாற்பது நிமிஷம் பேசினார். "எத்தனை உயிரைக் காத்த தீர்க்கமான பார்வை!" கைதட்டலுக்கு எழுந்து கும்பிட்ட மேஜரால் படத்தின் பக்கம் திரும்ப முடியவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள் என்று கண்காட்சி இரண்டு வாரம் நீண்டது. மேஜரும் மறுக்கவில்லை. முடிந்த மறுநாள் அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு போனார். மகள் கதவைத் திறந்தாள்.

"அம்மா போய் ஒன்பது நாளாச்சு, சார். நீங்க வருவீங்கன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க."

மேஜர் படத்தை நீட்டினார். கோட்டுக்குக் கீழே, வெட்கப்பட்டதுபோல் விரல்களை மடக்கிக்கொண்டு இரண்டு அகலமான பாதங்கள்.

"பெருவிரல் அப்படியே அம்மாவோடது," என்றாள் அவள். சிரிக்கவில்லை.

மேஜர் செருப்பை வாசலில் விட்டிருந்தார். குனிந்து தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.