நல்லாத் தூங்குறான்

குழந்தைகள் நல அலுவலகத்தின் கூட்ட அறையில் ஒரு நாற்காலி ஆடும். எப்போதும் நர்ஸுக்குத்தான் அது வாய்க்கும், ஏனென்றால் கடைசியாக வந்து சேருகிறவள் அவள்தான். வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி போட்டு, எடை பார்த்து, தாய்மார்களின் புலம்பலையும் கேட்டுவிட்டு வருகிறவள் வேறு எப்படி வருவாளாம்?

அன்றைக்குப் பேச்சு ஒரு மூன்று வயதுப் பையனைப் பற்றி. அவனுக்கு வாலு என்று பெயர் வைத்ததே நர்ஸ்தான். ஒருமுறை அவளுடைய பையைக் கவிழ்த்து, பஞ்சையெல்லாம் அறை முழுக்கப் பறக்கவிட்டு, ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டவன். அப்பன்காரன் குடும்பத்தைக் கைகழுவிவிட்டு எங்கோ போய்விட்டான். அம்மாவுக்கு ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை, சாயங்கால ஷிப்ட். பையனின் அழுகை காதைக் கிழிக்கிறது என்று கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா போலீசுக்குப் போனதில்தான் விஷயம் இந்த மேசைவரை வந்திருந்தது.

"எல்லாருக்கும் தலைக்கு மேல வேலை கெடக்கு," என்றார் அதிகாரியம்மா. "இந்த வாரத்துல எல்லாரும் ஆளுக்கொரு நாள் போய்ப் பாத்தாச்சு. பெரிசா ஒண்ணும் இல்லைன்னா இன்னைக்கே முடிச்சிரலாம்."

"ஒண்ணுமே இல்லை மேடம்," என்றார் போலீஸ்காரர். "காலையில போனேன். வீடு அவ்வளவு சுத்தமா இருக்கு. பையன் நல்லாத் தூங்குறான். கம்ப்ளைண்ட் குடுத்த அம்மாவே இப்பல்லாம் சத்தமே இல்லைன்னு சொல்லுது. முன்னாடி ஒரு தடவை பையனோட அம்மாவைக் கண்டிச்சு வெச்சேன், அத்தோட சரி."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"பாலர் பள்ளிக்குத்தான் அவன் வர்றதே இல்லை," என்றார் டீச்சர். "ஸ்கூல் விட்டதும் நானே போனேன். அம்மா வேலைக்குக் கிளம்பி வாசல்ல நின்னாங்க. உள்ள எட்டிப் பாத்தேன், நல்லாத் தூங்கிட்டிருந்தான். பாத்துக்கப் பக்கத்து வீட்டு அக்கா வருவாங்கன்னு சொன்னாங்க."

"நர்ஸம்மா, நீங்க?"

"நான் மத்தியானம் போனேன். அவனும்..." என்று தொடங்கிய நர்ஸ் பாதியில் நின்றாள்.

அவள் போனபோதும் அவன் தூங்கிக்கொண்டுதான் இருந்தான். சமத்தாகிவிட்டான் என்று அவளே மெச்சினாள். ஊசியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் ஓடவேண்டிய பாடு மிச்சம் என்ற நிம்மதி வேறு. "எழுப்பாதே, பாவம்," என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, பூனை மாதிரி அடியெடுத்து வெளியே வந்ததும் அவள்தான்.

"நீங்க காலையில பாத்தீங்க. நான் மத்தியானம். டீச்சர் சாயங்காலம்," என்றாள். "அப்ப அவன் எப்பதான் முழிச்சிருக்கான்?"

அதிகாரியம்மா பேனாவை மூடி வைத்தார்.

"அதான் அக்கா வர்றாங்கன்னு..." என்று டீச்சர் இழுத்தார்.

"அந்த அக்கா ஊரைவிட்டுப் போயே ரொம்ப நாளாச்சு," என்றாள் நர்ஸ்.

"எங்கிட்ட யாரும் சொல்லலையே!"

"எங்கிட்ட யாரும் கேக்கலையே, டீச்சர்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. பையனுக்குச் சளி பிடித்திருந்தபோது ஒரு சிரப் கொடுத்திருந்தாள். தூக்கமில்லாமல் கண் வீங்கி நின்ற அவன் அம்மாவைப் பார்த்து மனசு கேட்காமல், "இதைக் குடிச்சா நல்லாத் தூங்குவான், நீயும் கொஞ்சம் கண்ணசரு," என்று சொன்னாள். அந்த மாதிரி சிரப் எந்த மருந்துக்கடையிலும் சீட்டில்லாமல் கிடைக்கும்.

அதை மேசையில் சொன்னாள். மறைக்கலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வராமல் இல்லை. வந்தது, அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அதிகாரியம்மா அம்மாக்காரிக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்றாள் நர்ஸ். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. அம்மாக்காரியின் ஷிப்ட் தொடங்கியிருக்கும்.

"பூட்டியிருந்தா உடைக்கணும் மேடம். புதுசா கம்ப்ளைண்ட் இல்லாம எப்படி..." என்றார் போலீஸ்காரர்.

"நான் குடுக்கறேன் கம்ப்ளைண்ட்," என்று எழுந்தார் அதிகாரியம்மா. "வண்டியை எடுங்க. டீச்சர், நீங்க அவ வேலை செய்யற எடத்துக்குப் போய் ஆளைக் கையோட கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க."

டீச்சர் அந்தப் பக்கம் கிளம்ப, இத்தனை மாதமாக ஒருவருக்கொருவர் கடிதம் போட்டுக்கொண்டிருந்த மற்ற மூவரும் அன்றைக்குத்தான் ஒரே வண்டியில் ஏறினார்கள். வழியெல்லாம் நர்ஸ் மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே போனாள். வாலுப்பயலே, கதவைத் திறக்கும்போது நீ வீட்டை ரெண்டாக்கி வெச்சிருக்கணும், என் பையைப் பிடுங்கணும், கையைக் கடிக்கணும். ஆம்புலன்ஸுக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

வீட்டுக்காரம்மாவிடம் மாற்றுச்சாவி இருந்தது. "இப்பல்லாம் ஒரு சத்தம் கெடையாதுங்க, திருந்திட்டாங்க," என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே படியேறினார். நர்ஸ் சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அறை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பொம்மைகள் வரிசையாக நின்றன, யாரும் தொட்ட மாதிரி இல்லை. தரையில் மெத்தை, உருண்டுவிடாமல் இரண்டு பக்கமும் தலையணை, தலைமாட்டில் மூடிபோட்ட தண்ணீர். இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தவளைத் திட்டவும் வாய் வரவில்லை. நர்ஸ் மண்டியிட்டு அவன் கன்னத்தைத் தட்டினாள். காது மடலைக் கிள்ளினாள். நெஞ்செலும்பை விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தாள். இமை அசையவில்லை. மூச்சு வந்தது, ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே அவள் செத்துப் பிழைத்தாள்.

"இருக்கானா?" என்றார் போலீஸ்காரர், வாசலில் நின்றபடி.

"இருக்கான். ஆம்புலன்ஸ் எங்க? கீழ போய்ப் பாருங்க!"

ஆஸ்பத்திரியில் குழாயும் ஆக்சிஜன் கவசமுமாக அவனைப் படுக்க வைத்தார்கள். அந்தச் சிரப்பை இன்னும் ஒரு வேளை கொடுத்திருந்தால் கை மீறிப்போயிருக்கும் என்றார் டாக்டர். அம்மாக்காரி ரப்பர் கையுறையைக்கூடக் கழற்றாமல் டீச்சரோடு ஓடிவந்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பையனைப் பார்த்தாள், பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"நீங்கதான சார் சொன்னீங்க, மறுபடி சத்தம் வந்தா நடக்கறதே வேறன்னு. வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வீடு இல்லைன்னா பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க." நர்ஸின் பக்கம் திரும்பினாள். "நீங்கதானக்கா சொன்னீங்க, குடிச்சா நல்லாத் தூங்குவான்னு."

"சொன்னேன்மா," என்றாள் நர்ஸ்.

"கூட்டிட்டுப் போயிடுவீங்களா?"

அதிகாரியம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா. சாயங்காலம் அவனை யார் பாத்துக்கறதுன்னு நாங்க முதல்லயே கேட்டிருக்கணும். கேக்கலை," என்றார். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அவர் சொல்லவில்லை.

காத்திருந்தார்கள். வீட்டுக்குப் போகவேண்டிய நேரம் எல்லோருக்கும் தாண்டிவிட்டது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் உருண்டு வந்தபோது வாலு முதலில் காலை உதைத்தான். முகத்தைச் சுளித்தான். கையிலிருந்த குழாயைப் பார்த்தான், அவ்வளவுதான், வார்டே அதிர்கிற மாதிரி ஓர் அலறல். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாக்காரி பதறிப்போனாள். அவள் கை தானாகவே நீண்டு பிள்ளையின் வாயைப் பொத்தப் போனது.

நர்ஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ரப்பர் கையுறையில் சோப்பு ஈரம் இன்னும் காயவில்லை.

"விடும்மா," என்றாள், அவளும் அழுதுகொண்டே. "அழட்டும்."

சத்தம் கேட்டு வார்டு ஆயா, "யாருங்க அது, பிள்ளையை அடக்குங்க!" என்று வேகமாக வந்தார். போலீஸ்காரர் எழுந்துபோய் வழியை மறித்து நின்றார்.